மீத்தேனிலிருந்து மெத்தனால்: செம்பு சியோலைட் வினையூக்கியை வடிவமைக்கும் முறை

மீத்தேனின் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க மோலுக்கு ஏறத்தாழ 439 கிலோஜூல் தேவை. மெத்தனாலில் கார்பனோடு இணைந்த ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 402 கிலோஜூலே போதும். ஆகவே, மீத்தேனைத் தாக்கும் வினையூக்கி, உருவான மெத்தனாலை அதைவிட எளிதாகத் தாக்கிக் கார்பன் டை ஆக்சைடாக்கிவிடக்கூடும் என்பதை மனத்தில் கொண்டே வடிவமைப்பைத் தொடங்க வேண்டும்.

தொடக்க நிலை ஆய்வாளர்களுக்கு நான் பரிந்துரைப்பது செம்பு ஏற்றிய மார்டனைட் என்னும் சியோலைட் (நுண்துளைகள் நிறைந்த அலுமினோசிலிகேட் கனிமம்). அதன் சோடியம் வடிவத்தை நீர்த்த செம்பு அசிட்டேட் கரைசலில் கலக்கி, அயனிப் பரிமாற்றம் (சோடியம் அயனிகளின் இடத்தைச் செம்பு அயனிகள் பிடிப்பது) முடிந்ததும் கழுவி உலர்த்துங்கள். கரைசல் அடர்ந்திருந்தால் செம்பு ஆக்சைடு வெளிப்பரப்பில் துகள்களாகப் படியும். நமக்கு வேண்டியதோ நுண்துளைகளுக்குள், ஆக்சிஜன் பாலத்தால் இணைந்த செம்பு அயனிகள்.

அடுத்து, ஆக்சிஜன் ஓட்டத்தில் சுமார் 450 டிகிரி செல்சியஸில் சூடேற்றி, 200 டிகிரிக்குக் குளிரவிடுங்கள். ஆக்சிஜனும் மீத்தேனும் கலந்தால் வெடிக்கும் அபாயம் உண்டு என்பதால், இடையில் ஹீலியம் செலுத்தி ஆக்சிஜனை முற்றாக வெளியேற்றுவதைத் தவிர்க்கவே கூடாது. பிறகு மீத்தேனைச் செலுத்தினால், அது மெத்தாக்ஸி (ஆக்சிஜனோடு இணைந்த மெத்தில் தொகுதி) வடிவில் பரப்பில் பிணைந்து, மேலும் எரியாமல் பெருமளவு காக்கப்படுகிறது. நீராவி அதை மெத்தனாலாக விடுவிக்கிறது.

நீராவி ஏறிய வினையூக்கியை மீண்டும் ஆக்சிஜனில் சூடேற்றியாக வேண்டும் என்பதே இம்முறையின் பெரிய குறை. எனவே தேர்திறனை (வினைபுரிந்த மீத்தேனில் மெத்தனாலாக மாறும் பங்கை) மட்டும் பார்க்காமல், ஒரு செம்பு அணுவுக்குக் கிடைக்கும் மெத்தனாலையும் ஒவ்வொரு சுற்றிலும் அளந்து ஒப்பிடுங்கள்.