விண்டோஸ் 11 போடறதுக்கு முன்னாடி பழைய சாஃப்ட்வேர் ஓடுமான்னு பாத்துக்கறது எப்படி

விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுதுங்க, அதுல இருந்து திருப்பூர், ஈரோடு பக்கம் சின்னச் சின்னதா கம்பெனி வெச்சிருக்கறவங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், "ஏனுங்க, 11 போட்டா நம்ம பழைய பில்லிங் ஓடுமுங்களா?" வாய்ல சொல்ல முடியாதுங்க, பாத்துத்தான் சொல்லணும். ஒரு ஞாயித்துக்கெழம உக்காந்தா முடிஞ்சுரும். சனிக்கெழம கூலி போடற அன்னைக்கு மட்டும் இந்தச் சோலிய எடுத்துறாதீங்க.

ஒண்ணு முன்னாடியே சொல்லிர்றேன். பிசி ஹெல்த் செக்னு ஒரு ஆப் இருக்கு, அதுல பச்சை டிக் வந்துருச்சுன்னு நெம்பப் பேரு தைரியமா அப்கிரேடு குடுத்துர்றாங்க. அது பாக்கறது உங்க பொட்டிய மட்டுந்தான், பிராசசர், ரேம், டிபிஎம் 2.0ங்கற செக்யூரிட்டி சிப் இந்த மாதிரி. உங்க சாஃப்ட்வேர் பக்கம் அது எட்டிக்கூடப் பாக்காது.

முதல்ல: இப்ப இருக்கறது 32 பிட்டா 64 பிட்டா

செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் போங்க, சிஸ்டம் டைப்னு ஒரு வரி இருக்கும். 64 பிட்னு இருந்தா பாதி கவலை விட்டுச்சு, ஏன்னா அதுல ஓடற சாதா 32 பிட் சாஃப்ட்வேர் பெரும்பாலும் 11லயும் ஓடிரும், பழைய விபி 6ல (விஷுவல் பேசிக்) எழுதுனது கூட. 32 பிட்னு இருந்தாத்தான் உஷாரா இருக்கணும். விண்டோஸ் 11ல 32 பிட் வெர்ஷனே கெடையாது, அதனால மேலயே அப்கிரேடு பண்ண முடியாது, அழிச்சுட்டுப் புதுசாத்தான் போடணும். டாஸ் (விண்டோசுக்கு முன்னாடி இருந்த கருப்பு ஸ்கிரீன் சிஸ்டம்) காலத்து ஃபாக்ஸ்புரோ மாதிரி 16 பிட் புரோகிராம் 32 பிட் விண்டோஸ்ல இன்னைக்கும் ஓடிட்டு இருக்கும், 64 பிட்ல தெறக்கவே தெறக்காது. கண்டுபுடிக்க ஒரு வழி இருக்குங்க: 32 பிட் விண்டோஸ்ல அந்த இஎக்ஸ்இ ஃபைல ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்ட்டீஸ் போனா மெமரி, ஸ்கிரீன்னு டேப் வரும். வந்துச்சுன்னா அது டாஸ் புரோகிராம்.

அடுத்து: சாஃப்ட்வேர்ல என்னென்ன மாட்டியிருக்குன்னு எழுதுங்க

மாட்டறது பெரும்பாலும் சாஃப்ட்வேர் இல்லீங்க, அது கூட தொங்கிட்டு இருக்கற சாமான். எம்ப்ராய்டரி டிசைன் போடறவங்களுக்கு டாங்கிள் (சாஃப்ட்வேர் ஓடறதுக்குச் சொருகி வெக்கற பூட்டு), வே பிரிட்ஜ் (லாரி எடை மேடை) வெச்சிருக்கறவங்களுக்கு காம் போர்ட் (பழைய சீரியல் ஒயர் சொருகற எடம்), லாரி ஆபீஸ்ல டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். இதுக்கெல்லாம் டிரைவர் வேணும், அதாவது அந்தச் சாமான விண்டோஸோட பேச வெக்கற சின்ன சாஃப்ட்வேர், 32 பிட் டிரைவர் 64 பிட் விண்டோஸ்ல ஏறாது. வே பிரிட்ஜ்காரங்க யுஎஸ்பி டு சீரியல் ஒயர மறக்காமப் பாருங்க, அதுக்குள்ள பிஎல் 2303 சிப்போட பழைய ரகம் இருந்தா 11ல டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் முக்கோணம் வந்து, 11க்கு சப்போர்ட் இல்ல, வித்தவங்களக் கேளுங்கன்னு இங்கிலீஷ்ல ஒரு வரி நிக்கும். வேற ஒயர் மாத்தறதுதான் வழி.

64 பிட் விண்டோஸ் 10 வெச்சிருந்தா இப்பவே ஒரு டெஸ்ட் பண்ணலாம். விண்டோஸ் செக்யூரிட்டி, டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன் போயி மெமரி இன்டெக்ரிட்டிங்கற பாதுகாப்ப ஆன் பண்ணிப் பாருங்க. ஒத்துவராத டிரைவர் இருந்தா ஆன் ஆகாம பட்டியல் போட்டுக் காட்டும், உங்க டாங்கிள் டிரைவர் அதுல இருக்கான்னு பாத்துக்கோங்க.

டேட்டாவ சரியான எடத்துல இருந்து எடுங்க

இதுலதான் நெம்பப் பேரு ஏமாந்துர்றாங்க. பழைய சாஃப்ட்வேர் கணக்க புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளயே எழுதப் பாக்கும், விண்டோஸ் விடாது, அதுக்குத் தெரியாமயே வேற எடத்துல எழுத வெச்சுரும். அந்த எடம் யூசர்ஸ், உங்க பேரு, ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர். நீங்க புரோகிராம் ஃபைல்ஸ மட்டும் பென் டிரைவ்ல காப்பி அடிச்சு வெச்சீங்கன்னா சாஃப்ட்வேர் வந்துரும், பில்லு பூராம் பழசா இருக்கும், இல்ல காலியா இருக்கும். வியூல ஹிட்டன் ஐட்டம்ஸ் டிக் பண்ணிட்டு ரெண்டு எடத்தையும் தெறந்து, டேட் மாடிஃபைடு எதுல இன்னைக்குத் தேதி காட்டுதுன்னு பாருங்க. யோசனையே வேண்டாம், ரெண்டையும் எடுத்து வெச்சுக்கோங்க. பாமினி மாதிரி பழைய தமிழ் ஃபான்ட்ல பில் அடிக்கறவங்க அந்த ஃபான்ட் ஃபைலையும் எடுத்துக்கோங்க, இல்லீன்னா பில்லுல வாங்கறவரு பேரு புரியாத எழுத்தா வரும்.

வேற டிஸ்க்ல ஓட்டிப் பாருங்க

என்னக் கேட்டா இதுதான் நெசமான டெஸ்ட். பழைய டிஸ்கக் கழட்டி பத்திரமா வெச்சுட்டு, சும்மா கெடக்கற ஒரு எஸ்எஸ்டிய மாட்டி அதுல 11 போடுங்க, புராடக்ட் கீ கேட்டா இல்லைன்னு குடுத்தாலும் இன்ஸ்டால் ஆகும். சாஃப்ட்வேரப் போட்டுட்டு தெறந்துருச்சுன்னு சந்தோசப்பட்டு மூடிறாதீங்க, ஒரு பில் போடுங்க, பிரிண்ட் எடுங்க, போன வருசத்துக் கணக்கத் தெறங்க, வருசக் கடைசி ரிப்போர்ட் ஒண்ணு ஓட்டுங்க. சிலது ஹார்ட் டிஸ்க் நம்பரோட பூட்டியிருப்பாங்க, கீ கேக்கும், எழுதிக் குடுத்தவரு இன்னும் ஃபோன் எடுக்கறாரான்னு இப்பவே தெரிஞ்சுக்கறது நல்லதுதானுங்க.

தெறக்கலீன்னா ஐக்கான ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி டேப்ல விண்டோஸ் 7 இல்ல எக்ஸ்பின்னு மாத்திப் பாருங்க. டாட் நெட் 3.5 (சில பழைய சாஃப்ட்வேருக்கு வேண்டிய விண்டோஸ் பாகம்) வேணும்னு கேட்டா ஆன் பண்ணிருங்க.

ஓடலீன்னா

ஏற்கனவே மேலயே அப்கிரேடு பண்ணிட்டீங்கன்னா 10 நாளைக்குள்ள செட்டிங்ஸ், சிஸ்டம், ரிக்கவரில கோ பேக் குடுத்துத் திரும்பிக்கலாம், அதுவரைக்கும் டிஸ்க் கிளீனப்புல பழைய விண்டோஸ் ஃபைல அழிச்சுறாதீங்க. டாஸ் புரோகிராமா இருந்தா டாஸ்பாக்ஸ்ங்கற சாஃப்ட்வேர்ல ஓட்டலாம், மத்ததுக்கு விர்ச்சுவல்பாக்ஸ்ல (பொட்டிக்குள்ளயே இன்னொரு பொட்டி மாதிரி ஓடற சாஃப்ட்வேர்) பழைய விண்டோஸ் போட்டு ஓட்டலாம், ஆனா டாங்கிள் அதுல எடுக்குமான்னு தனியாப் பாக்கணும். டாங்கிளும் எடுக்கலீன்னா பழைய பொட்டியோட நெட் ஒயரப் புடுங்கிட்டு அந்த ஒரு வேலைக்கு மட்டும் வெச்சுக்கோங்க, ஜிஎஸ்டி, மெயில், பேங்க் எல்லாம் புதுப் பொட்டில.