தேக்காவின் பின்சந்துகளைப் படிப்பது எப்படி

விக்டோரியா காலத்து நகரத்தில் ஏழைகள் எப்படி வாழ்ந்தார்கள் என்று எழுதிவரும்படி என் பேத்தியிடம் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அவள் எழுதி வைத்திருந்தது முழுக்க லண்டன்: புகை, மூடுபனி, காலரா. நம் சிங்கப்பூரும் அதே மகாராணியின் ஆட்சியில் வளர்ந்த நகரம்தான், வா என்று மறுநாள் காலையில் லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவுக்கு, அங்குள்ள பழைய வீடுகளின் பின்னால் ஓடும் சந்துகளைக் காட்ட அழைத்துப் போனேன். அதற்குப் பிறகு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பலரையும் அழைத்துப் போயிருக்கிறேன். நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காலை ஏழரை மணிக்கு அங்கே இருங்கள். கடைகளுக்குச் சரக்கு இறக்கும் வேன்கள் வந்துவிட்டால் சந்தில் நிற்க இடம் இருக்காது. சாக்கடை ஓரமாக நடக்க வேண்டியிருக்கும், ஆகவே மூடிய காலணி போடுங்கள். சமையற்கட்டுக் கதவுகள் திறந்திருந்தால் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது, படமும் எடுக்கக் கூடாது. அங்கே ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

நேராகச் சந்துக்குள் நுழையாதீர்கள். முதலில் டன்லப் ஸ்திரீட்டில், கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் ஏதாவது ஒரு கடைவீட்டின் முன்னால், கூரைக்கு அடியில் உள்ள ஐந்தடிப் பாதையில் நில்லுங்கள். நாங்கள் அதை அஞ்சடி என்போம். 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலிருந்து வந்த வழக்கம் அது. வீட்டின் முன்பக்க அகலத்தைப் பிள்ளைகள் காலடியால் அளக்கட்டும். பெரும்பாலும் ஐந்து, ஆறு மீட்டருக்குள் முடிந்துவிடும். பிறகு தெருமுனை வரை நடந்து, திரும்பி, அதே வரிசையின் பின்பக்கத்துக்கு வாருங்கள். எவ்வளவு நீளம் என்பதைக் கால்களே சொல்லிவிடும். இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். வெளிச்சம் வர முன்வாசலும் நடு முற்றமும்தான் வழி. இடையில் பலகைத் தடுப்பு வைத்து அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்டால் நடுவில் இருப்பவருக்குக் கிடைப்பது இருட்டு மட்டுமே.

சந்துக்குள் வந்ததும் பிள்ளைகள், "இதுதான் அந்தக் காலத்துச் சேரியா?" என்று கேட்பார்கள். பெரியவர்களும் கேட்கிறார்கள். இல்லை என்று அழுத்திச் சொல்லுங்கள். விக்டோரியா காலத்தில் இந்தச் சந்துகளில் பெரும்பாலானவை இல்லவே இல்லை. ஒரு வீட்டின் முதுகோடு அடுத்த தெரு வீட்டின் முதுகு ஒட்டிக்கொண்டு நின்றது. மகாராணி இறந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1907இல், சிங்கப்பூரின் சுகாதார நிலையை ஆராய்ந்த பேராசிரியர் சிம்சன், காற்றும் வெளிச்சமும் இல்லாத இந்த வீடுகளில் காசநோய் பரவுவதைச் சுட்டிக்காட்டி, பின்பக்கத்தைத் திறந்து சந்து விட வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார். டன்லப் ஸ்திரீட்டிலேயே உள்ள அப்துல் கஃபூர் பள்ளிவாசலைக் கட்டத் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான். பிள்ளைகளுக்கு ஆண்டு நினைவில் நிற்க அதைக் காட்டுங்கள். பிறகு நகராட்சியும், 1927இல் அமைந்த அரசு அமைப்பான சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிதியமும் வீடுகளின் பின்பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்து வழி விட்டன. நாம் நிற்கும் சந்து நோய் அல்ல, மருந்து. நோய் இருந்தது சுவருக்கு அந்தப் பக்கம்.

ஆகவே சந்தைப் பார்க்காதீர்கள், சுவரைப் பாருங்கள். முன்பக்கத்தில் பூவேலையும் வண்ண ஓடுகளுமாக இருக்கும் வீடு, பின்னால் மொட்டையாக நிற்கும். அடுத்துக் குனிந்து, தரையை ஒட்டிப் பாருங்கள். சில வீடுகளில் முழங்கால் உயரத்தில், இரண்டு சாண் அகலத்தில் ஒரு சின்னக் கதவு இருந்த தடம் தெரியும். இப்போது சிமெண்ட் பூசி அடைத்திருப்பார்கள். பூச்சின் நிறம் சற்றே மாறி, விளிம்பு ஒரு மயிரிழை உள்வாங்கியிருக்கும். விரலை வைத்து ஓட்டினால் சதுரம் பிடிபடும். 1989இல் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமான பிறகு பல வீடுகளைப் புதுப்பித்துவிட்டார்கள், அதனால் பொறுமையாகத் தேட வேண்டும்.

அது கழிவறைக்கு அடியில் வைத்த மலவாளியை வெளியிலிருந்து எடுக்கும் கதவு. நான் சிறுமியாக இருந்தபோது விடிவதற்கு முன் அந்தத் தகரக் கதவு திறக்கும் ஓசையும், நிறைந்த வாளி சிமெண்டில் உரசும் ஓசையும், காலி வாளி உள்ளே வந்து மோதும் ஓசையும் வரிசையாகக் கேட்கும். அம்மா, "வாளி எடுக்கிறவர் போகிறவரை எழுந்திருக்காதே, பார்த்தால் அவருக்குச் சங்கடம்" என்பார். அந்த வேலை செய்தவர்களைப் பற்றிப் பிள்ளைகள் வாயில் ஓர் இழிசொல்கூட வரக் கூடாது. வாளி முறை இந்த ஊரில் 1987இல்தான் முடிவுக்கு வந்தது. சந்து வெட்டப்படாத நாளில் அதே வாளி அடுக்களையைக் கடந்து, நடையைக் கடந்து, உறங்குகிறவர்களின் தலைமாட்டைக் கடந்து முன்வாசல் வழியாகத்தான் போனது. இந்த ஒன்றைப் பிள்ளைகள் புரிந்துகொண்டாலே அன்றைய நடை வீண் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வரவேற்பறைத் தரையில் ஒட்டு நாடாவால் எட்டடிக்குப் பத்தடி ஒரு கட்டம் போடுங்கள். என் சிறுவயதில் நாங்கள் இருந்த மாடி அறையின் அளவு அது; ஆறு பேர் இருந்தோம். குடும்பம் முழுவதும் அதற்குள் உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள். பிறகு படுத்துப் பாருங்கள். கால் நீட்டினால் யார் மேல் படுகிறது என்று பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

பழைய நாளிதழ்களைத் தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. back lane (பின்சந்து), night soil bucket (மலவாளி) என்ற ஆங்கிலச் சொற்களைக் கொடுத்துத் தேடினால் நாள் முழுக்கப் படிக்கலாம். லண்டனோடு ஒப்பிட விரும்பினால் சமூக ஆய்வாளர் சார்ல்ஸ் பூத் 1889இல் வெளியிட்ட வறுமை வரைபடத்தைக் காட்டுங்கள். மிக ஏழைத் தெருவுக்குக் கறுப்பு, செல்வந்தர் தெருவுக்கு மஞ்சள் என்று தெருத்தெருவாக நிறம் தீட்டியிருப்பார்.

மனிதர்களிடம் கேட்பதுதான் எல்லாவற்றிலும் மேல். ஆனால் கழிவறையில் தொடங்காதீர்கள். வாய் திறக்க மாட்டார்கள். "அம்மா, தண்ணீர் எங்கே பிடிப்பீர்கள்?" என்று கேளுங்கள். குழாயடி வந்துவிட்டால் வரிசை வரும், சண்டை வரும், அடுப்பு வரும், மற்றதெல்லாம் தானே வரும். எங்கள் புளோக்கில் எண்பது வயதைத் தாண்டிய அம்மா ஒருவரை அந்த நாடாக் கட்டத்துக்கு அருகே நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். சிறிது நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு எழுந்து, கட்டத்துக்குள் கால் வைத்து, "அடுப்பு இங்கே இல்லை, வெளியே நடையில். இந்த மூலையில் என் மாமியார் படுப்பார்" என்று கைத்தடியால் கோடு காட்டினார். பேத்தி நாடாவைப் பிரித்து, அவர் சொன்ன இடத்தில் மறுபடி ஒட்டினாள்.