மதுரையிலிருந்து கம்பம் திராட்சைத் தோட்டம்: காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்ப

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு மதுரை வந்து, மீனாட்சியம்மன் கோவிலையும் நாயக்கர் மகாலையும் பார்த்து முடித்து, உறவினர் வீட்டு விருந்துகளுக்கு நடுவே ஒரு நாள் மிச்சம் கிடைத்தால் கொடைக்கானல் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நான் கம்பம் பள்ளத்தாக்கு என்று சொல்வேன். பச்சை மலைச் சுவருக்குக் கீழே ஊர் ஊராகத் திராட்சைப் பந்தல். பாதித் தூரம் ரயிலில் போகலாம், காரும் ஓட்டுநரும் தேட வேண்டியதில்லை.

பாதித் தூரம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ரயில் கம்பம் போகாது. மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரை சுமார் 90 கிலோமீட்டர் நீளும் பாதையில் தேனியில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து கம்பம் வழியாக லோயர்கேம்ப் வரை ரயில் வேண்டும் என்று இந்த ஊர்க்காரர்கள் கேட்டுக் களைத்துவிட்டார்கள். உள்ள பாதைக்கே பெரும் காத்திருப்பு. 2010 கடைசியில் மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். அகலப் பாதையில் தேனிக்கு ரயில் வந்தது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூன் மாதம். சிறுவயதில் இதே தடத்தில் பயணம் செய்த பெற்றோர் உங்களுடன் இருந்தால், ஜன்னலோர இருக்கையை அவர்களுக்குக் கொடுங்கள். உசிலம்பட்டி தாண்டியதும் ஆண்டிபட்டிக் கணவாயில் பாறையைக் குடைந்த வெட்டுக்குள் ரயில் நுழையும். வெளியே வந்ததும் காற்றாலைகளும் மேற்குத் தொடர்ச்சி மலையும் தெரியும். புகைப்படம் எடுப்பவர்கள் உசிலம்பட்டியிலேயே தயாராக இருக்கட்டும்.

மதுரையிலிருந்து காலை எட்டு மணிக்கு மேல் கிளம்பும் பயணிகள் ரயில் பத்து மணிக்குள் தேனி சேர்ந்துவிடும். அதே ரயில் மாலையில் போடியிலிருந்து புறப்பட்டு ஆறு மணியை ஒட்டித் தேனிக்கு வரும். முன்பதிவு இல்லை, கவுன்டரில் வரிசையில் நின்று பணம் கொடுத்து டிக்கெட் வாங்கினால் போதும். வெளிநாட்டு எண்ணையும் வெளிநாட்டு அட்டையையும் வைத்துக்கொண்டு செயலியில் கணக்குத் திறக்கப் போராடுவதைவிட இது எவ்வளவோ மேல். நேரம் அவ்வப்போது மாறும் என்பதால் முந்தைய நாளே நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு, சென்ட்ரலிலிருந்து வாரத்தில் மூன்று நாள் இரவில் போடி விரைவு ரயில் உண்டு. அதற்கு மட்டும் முன்பதிவு அவசியம்.

தேனி நிலையத்திலிருந்து ஆட்டோவில் புதிய பேருந்து நிலையத்துக்குப் போங்கள். அதற்குக் கர்னல் ஜான் பென்னிகுவிக் பெயர். முல்லைப் பெரியாறு அணையை 1895-இல் கட்டி முடித்த பொறியாளர். இந்தப் பள்ளத்தாக்கில் டீக்கடையில்கூட அவர் படத்துக்கு மாலை போட்டிருப்பார்கள். அவர் பிறந்த ஜனவரி 15-ஆம் தேதி அவருக்காகப் பொங்கல் வைப்பார்கள். வெள்ளைக்காரருக்கு இத்தனை மரியாதையா என்று கேட்கும் பிள்ளைகளுக்கு, வழியில் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று அந்த அணைத் தண்ணீரில் விளையும் வயல்களைக் காட்டினால் போதும்.

கம்பம் பஸ் அடிக்கடி உண்டு. சுமார் 40 கிலோமீட்டர் தூரம், ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். கம்பத்தில் இறங்கிச் சுருளி அருவிப் பக்கம் போகும் டவுன் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ ஏறி, சுருளிப்பட்டி ஒட்டிய தோட்டங்களில் இறங்குங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். அத்தைமார் இதைக் கேட்டு அடையும் மகிழ்ச்சிக்கே ஒரு முறை அதில் போகலாம்.

இங்கே பிரான்சையோ இத்தாலியையோ எதிர்பார்த்து வராதீர்கள். கோப்பையைச் சுழற்றி முகர்ந்து பார்க்கும் மது ருசிப்பு எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இது உண்பதற்கான பழம் விளையும் பூமி. இங்கு பெரும்பாலும் விளைவது பன்னீர் திராட்சை, அதாவது மஸ்கட் ஹாம்பர்க் ரகம். 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழகத்துக்குக் கொண்டு வந்தது என்று சொல்கிறார்கள். 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கறுப்பும் நீலமும் கலந்த பழம், விதை உண்டு, தோல் சற்றுத் தடிப்பு. பெரிய கடைகளில் விதையில்லாத பழம் வாங்கித் தின்று வளர்ந்த பிள்ளைகள் முதலில் முகம் சுளிப்பார்கள். தோலைப் பிதுக்கி உள்ளிருப்பதை வாயில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த மணம் வேறு எந்தத் திராட்சையிலும் வராது. விதையே ஆகாது என்பவர்களுக்குச் சின்னமனூர் அருகே ஓடைப்பட்டியில் விதையில்லா ரகம் விளைகிறது. ஆனால் அது வேறு திசை, ஒரே நாளில் இரண்டும் சரிவராது.

சாலையோரத் தோட்டங்கள் சிலவற்றில் பார்வையாளர்களை உள்ளே விடுகிறார்கள். கேரளத்திலிருந்து குமுளி வழியாக வரும் சுற்றுலாக் கூட்டம் இங்கே நிற்பது வழக்கமாகிவிட்டது. வாசலில் பழமும் சாறும் விற்கும் கடை இருக்கும். கட்டணம் உண்டா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். கல்தூண் நட்டு, கம்பி பின்னி, அதன் மேல் கொடி படரவிட்ட பந்தல். உயரமானவர்களுக்குத் தலை இடிக்கும். தண்ணீர் பாய்ச்சிய அன்று தரை சேறாக இருக்கும், நல்ல செருப்பைத் தவிர்த்துவிடுங்கள்.

அறுவடை நடக்கும் தோட்டம் வாய்த்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். வெட்டும் பெண் குலையின் காம்பை மட்டும் பிடிப்பார், பழத்தில் விரல் படாது. கத்தரியால் நறுக்கி, குலையைத் திருப்பிப் பார்த்து, வெடித்த பழத்தையும் பழுக்காத காயையும் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்த பிறகுதான் பெட்டியில் வைப்பார். பழத்தின் மேல் சாம்பல் படிந்தாற்போல ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். கை பட்டால் அழிந்துவிடும், அழிந்த பழத்துக்கு வியாபாரி விலையைக் குறைப்பார். ஆகவே படத்துக்காகக் குலையை அணைத்துக்கொண்டு நிற்காதீர்கள், கேட்காமல் பறிக்கவும் வேண்டாம். உள்ளே வருபவர் ஆளுக்கு இரண்டு பழம் பறித்தால் என்ன ஆகும் என்று தோட்டக்காரர் கணக்குப் போட்டு வைத்திருப்பார். தானாக ஒரு கொத்தை நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் கழுவித்தான் சாப்பிட வேண்டும், பூச்சி மருந்து அடிக்காத பந்தல் அரிது.

எந்த மாதம் வரலாம் என்று கேட்பவர்களுக்கு, இங்கே ஆண்டு முழுவதும் பழம் உண்டு. ஒரு தோட்டத்தில் கவாத்து, அதாவது கொடியை வெட்டிவிடும் வேலை, நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் அறுவடை நடக்கும். கவாத்து முடிந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் வெட்டுக்கு வந்துவிடும். ஆனாலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையைத் தவிர்ப்பது நல்லது. பழம் வெடிக்கும், அடிச்சாம்பல் நோய் பரவும், இனிப்பும் குறையும். தோட்டக்காரர்கள் விருந்தாளியோடு பேசும் மனநிலையிலும் இருக்க மாட்டார்கள். பள்ளி விடுமுறையை ஒட்டி ஜூலை, ஆகஸ்டில் வருபவர்களுக்குச் சாரலும் காற்றும் கிடைக்கும், சுருளி அருவியிலும் தண்ணீர் இருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளம் என்றால் வனத்துறை அருவிக்கு விடாது.

அருவி, தேக்கடி, லோயர்கேம்பில் பென்னிகுவிக் மண்டபம் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைக்க நினைத்தால் மாலை ரயிலை மறந்துவிட வேண்டியதுதான். தோட்டத்தில் பகல் ஒன்றரை வரை இருந்து, கம்பத்தில் சாப்பிட்டு, மூன்றரை மணிக்குள் தேனி பஸ்ஸில் ஏறுங்கள். தப்பினாலும் பயப்பட ஒன்றுமில்லை. தேனியிலிருந்து மதுரைக்கு இரவிலும் பஸ் உண்டு. கையில் பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரர்கள் கைபேசியைக் காட்டிப் பணம் செலுத்துவதைப் பார்த்து உங்கள் அட்டையை நீட்டினால் தோட்டத்துக் கடையில் எடுபடாது. வயதானவர்கள் தேனி நிலையத்திலேயே கழிப்பறைக்குப் போய்விட்டுக் கிளம்புவது நல்லது.

பழத்தை மதுரை வீட்டுக்குத் தேவையான அளவு மட்டும் வாங்குங்கள். பன்னீர் திராட்சை சீக்கிரம் தளர்ந்துவிடும். அடியில் அட்டை வைத்த பெட்டியில் கேளுங்கள், பாலித்தீன் பையில் போட்டால் ரயிலிலேயே சாறாகிவிடும். விமானத்தில் கொண்டு போகலாம் என்ற எண்ணம் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் திராட்சை நுழைய முடியாது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சொல்லாமல் கொண்டுபோய்ப் பிடிபட்டால் அபராதம். வாசல் கடைகளில் திராட்சை நாற்றும் விற்பார்கள். அதை ஊரில் இருக்கும் அக்கா வீட்டு மாடிக்கு வாங்கிக் கொடுங்கள்.