ரிக்கையும் லேப்டாப்பையும் சவுண்ட் கார்டால் இணைத்து எஃப்.டி.8 தொடங்குவது எப்படி?

ஹாம் ரேடியோ லைசென்ஸ் இருக்கிறது, எச்.எஃப். ரிக் (ஷார்ட் வேவ் ரேடியோ) இருக்கிறது, மொட்டைமாடியில் டைபோல் ஆண்டெனா கட்டியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். லைசென்ஸுக்கான ஏ.எஸ்.ஓ.சி. தேர்வு, விண்ணப்பம் எல்லாம் இங்கே இல்லை. ரிக்கின் ஒலியை லேப்டாப்புக்கும், லேப்டாப்பின் ஒலியை ரிக்குக்கும் கொண்டுபோய் எஃப்.டி.8-ல், அதாவது குறுஞ்செய்தியை ஒலியாக்கி அனுப்பும் டிஜிட்டல் முறையில், ஒரு தொடர்பை முடிப்பதுதான் வேலை. ஐகாம் 7300 போலச் சவுண்ட் கார்டு உள்ளேயே இருக்கும் ரிக் என்றால் ஒரே யு.எஸ்.பி. கேபிள் போதும், வயரிங்கைத் தாண்டி அளவு பற்றிய பகுதிக்குப் போய்விடுங்கள். யேசு 817, 818, மைக்ரோபிட்எக்ஸ், பழைய ரிக்குகள் வைத்திருப்பவர்களுக்குத்தான் முழுக் கதையும்.

மென்பொருளால் வரும் தொல்லை கொஞ்சம்தான். ஆட்களைச் சலிக்க வைப்பது ஒலியின் அளவு, கிரவுண்ட், பி.டி.டி. (ரிக்கை அனுப்பும் நிலைக்கு மாற்றும் சுவிட்ச்) ஆகிய மூன்றும். அதனால் அவற்றில்தான் நின்று நிதானமாகப் போகப்போகிறேன்.

வாங்க வேண்டியவை

யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு ஒன்று. மைக்குக்கு ஒரு ஜாக், ஸ்பீக்கருக்கு ஒரு ஜாக் என்று தனித்தனியாக இருக்க வேண்டும். சி-மீடியா சிப் போட்ட சாதாரண டாங்கிளே போதும். நமக்கு வேண்டியது 200 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரைதான், அதற்கு ஸ்டுடியோ கார்டு வாங்குவது வீண்செலவு. லேப்டாப்பின் ஒற்றை காம்போ ஜாக்கைத் தொடவே வேண்டாம். அதை ரிக்குக்குக் கொடுத்துவிட்டால் விண்டோஸின் டிங் டிங், வாட்ஸ்அப் சத்தம் எல்லாம் ஆண்டெனா வழியே போகும்.

இதோடு 600 ஓம் 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் 2, பி.சி.817 ஆப்டோகப்ளர் 1, சி.பி.2102 யு.எஸ்.பி.-சீரியல் போர்டு 1, ரெசிஸ்டர்கள் (10 கிலோ ஓம் 2, 1 கிலோ ஓம் 1, 470 ஓம் 1, 100 ஓம் 1), 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 1, 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின் 2, ஷீல்டு ஒயர், ஃபெரைட் கிளிப் நாலைந்து.

டாங்கிள் கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ புதுச்சேரி நேரு வீதியிலோ கம்ப்யூட்டர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஆடியோ டிரான்ஸ்ஃபார்மருக்காகச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு பஸ் ஏறும் முன், பழைய டயல்-அப் மோடம் கார்டு எங்காவது கிடக்கிறதா என்று தேடுங்கள். அதற்குள் இருக்கும் லைன் டிரான்ஸ்ஃபார்மர் இந்த வேலைக்கு அப்படியே பொருந்தும். பி.சி.817 செத்துப்போன மொபைல் சார்ஜர்களிலேயே பெரும்பாலும் கிடைக்கும், நாலு கால் வைத்த சின்னக் கறுப்புச் சில்லு. சார்ஜரைத் திறந்ததும், உள்ளே கை வைக்கும் முன், அதன் பெரிய கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்துவிடுங்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் நிற்கும்.

முதலில் கேட்பது மட்டும்

817-ன் பின்னால் இருக்கும் 6 பின் மினி-டின் டேட்டா ஜாக்கில் 1 ஒலி உள்ளே, 2 கிரவுண்ட், 3 பி.டி.டி., 5 ஒலி வெளியே. மற்ற ரிக்குகளுக்கு அவற்றின் மேனுவலைப் பாருங்கள். ஹெட்போன் ஜாக்கிலிருந்தும் ஒலி எடுக்கலாம், ஆனால் வால்யூம் குமிழைத் தொட்டால் அளவு மாறிவிடும். டேட்டா ஜாக்கில் அந்தத் தொல்லை இல்லை.

5-ம் பின்னிலிருந்து 10 கிலோ ஓம் தொடராக, அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோ ஓம். அந்தச் சந்திப்பிலிருந்து டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு சுற்று. மறு சுற்றிலிருந்து 1 மைக்ரோஃபாரட் வழியாக டாங்கிளின் மைக் பின். இந்தக் கெப்பாசிட்டரை விட்டுவிடாதீர்கள். மைக் ஜாக்கில் எலக்ட்ரெட் மைக்குக்காக ஒரு டி.சி. வோல்ட்டேஜ் வரும், அது டிரான்ஸ்ஃபார்மர் சுற்று வழியாகக் கிரவுண்டுக்குப் பாயக் கூடாது.

விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கில் டாங்கிளின் மைக்கைத் திறந்து 48000 ஹெர்ட்ஸ், 16 பிட் வையுங்கள். மைக் பூஸ்ட், ஆட்டோ கெயின், என்ஹான்ஸ்மென்ட் எதுவும் இருந்தால் அணைத்துவிடுங்கள். ஆட்டோ கெயின் ஓடினால் பலமான ஒரு ஸ்டேஷன் வரும்போதெல்லாம் மெலிந்த சிக்னல்கள் எல்லாம் சேர்ந்து அமுங்கும். டீஃபால்ட் ஸ்பீக்கராக லேப்டாப் ஸ்பீக்கரே இருக்கட்டும்.

இனி எஃப்.டி.8-க்கான மென்பொருள், டபிள்யூ.எஸ்.ஜே.டி.-எக்ஸ். இன்னொன்றான ஜே.டி.டி.எக்ஸ். நல்லதுதான், ஆனால் கற்றுக்கொள்ள இதுவே தெளிவு. செட்டிங்கில் கால் சைன், கிரிட் (இருக்கும் இடத்தைக் காட்டும் குறியீடு) கொடுங்கள். கடலூர், சிதம்பரம், நெய்வேலி, புதுச்சேரி நகரம் எல்லாம் எம்.கே.91. 12 டிகிரி அட்சரேகையைத் தாண்டினால் எம்.கே.92, ஆகவே காலாப்பட்டு பல்கலைக்கழக வளாகத்திலிருந்து இயக்குபவர் எம்.கே.91 என்று போட்டால் தப்பு.

பகலில், மாலையில் 14.074, இருட்டிய பிறகு 7.074 மெகாஹெர்ட்ஸ். இரண்டிலும் அப்பர் சைட்பேண்ட்தான். 40 மீட்டரில் பேச்சுக்கு லோயர் போட்டுப் பழகியவர்கள் அப்படியே விட்டுவிடுவார்கள். வாட்டர்ஃபாலில் (சிக்னல்கள் ஓடும் திரையில்) கோடுகள் அழகாக ஓடும், டிகோட் மட்டும் ஒன்றுகூட வராது. 817-ல் டிஜ் மோடை யூசர்-யு என்று வையுங்கள்.

ஆண்டெனா இணைந்த நிலையில் வெறும் இரைச்சலுக்கு, இடது மூலை மீட்டர் 30 டெசிபெல் பக்கம் நிற்குமாறு மைக் ஸ்லைடரை வையுங்கள். கிரவுண்டு ஹம் இருந்தால் வாட்டர்ஃபாலில் 50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் அசையாத செங்குத்துக் கோடுகள் தெரியும். டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி லேப்டாப் கிரவுண்டும் ரிக் கிரவுண்டும் எங்கோ தொட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் இரண்டு சுற்றுக்கும் பொதுவாகப் போட்ட ஷீல்டுதான் காரணம்.

கடிகாரம்

எஃப்.டி.8 ஒவ்வொரு நிமிடத்தின் 0, 15, 30, 45-ம் வினாடிகளில் தொடங்கி 12.64 வினாடி ஓடும். உங்கள் கடிகாரம் 1 வினாடிக்குள் சரியாக இருக்க வேண்டும், 2-ஐத் தாண்டினால் டிகோட் உதிரும். டி.டி. (நேர வித்தியாசம்) என்ற நெடுவரிசையைப் பாருங்கள். ஒன்றிரண்டு ஸ்டேஷன் மட்டும் தள்ளி நின்றால் கோளாறு அவர்களிடம். எல்லாருக்கும் +1.5 காட்டினால் உங்கள் லேப்டாப் முந்தி ஓடுகிறது. இந்திய நேரத்தை யு.டி.சி.க்கு மாற்ற வேண்டியதில்லை, மென்பொருளே பார்த்துக்கொள்ளும்.

விண்டோஸ் தானாக நேரம் சரிசெய்வது போதாது, மெயின்பெர்க் என்.டி.பி. போட்டுவிடுங்கள். கூடவே ஒரு யு.எஸ்.பி. ஜி.பி.எஸ். டாங்கிளும் வாங்கி வைக்கச் சொல்வேன். 2011-ல் தானே புயல், 2024-ல் ஃபெஞ்சல் புயல் இரண்டும் இந்தக் கரையில்தான் ஏறின. புயல் நாளில் நெட் இருக்கும் என்று நம்பி ரேடியோ வைத்துக்கொள்வதில் பொருளில்லை.

பி.டி.டி.

வாக்ஸ் (ஒலி வந்ததும் ரிக் தானாகவே அனுப்பத் தொடங்குவது) வேண்டாம். யு.எஸ்.பி.-சீரியல் போர்டின் டி.டி.ஆர். கம்பி ஒன்று போதும், ஆனால் இங்கேதான் இணையத்தில் கிடைக்கும் பழைய சர்க்யூட்கள் ஆளைக் கவிழ்க்கும். அவை 9 பின் காம் போர்ட்டுக்கு வரைந்தவை. சி.பி.2102 போர்டில் நிலைமை தலைகீழ்: சும்மா இருக்கும்போது டி.டி.ஆர். கால் 3.3 வோல்ட்டில் நிற்கும், மென்பொருள் பி.டி.டி. கொடுத்தால் 0-க்கு இறங்கும். பழைய சர்க்யூட்டை அப்படியே கட்டினால் கேபிளைச் செருகியதுமே ரிக் டிரான்ஸ்மிட்டுக்குப் போய்விடும், அனுப்ப வேண்டிய நேரத்தில் ரிசீவுக்குத் திரும்பும்.

ஆகவே இப்படிக் கட்டுங்கள். போர்டின் 3.3 வோல்ட் காலிலிருந்து 470 ஓம் வழியாக பி.சி.817-ன் 1-ம் கால். அதன் 2-ம் கால் டி.டி.ஆர்.க்கு. மறுபக்கம் 4-ம் கால் ரிக்கின் பி.டி.டி.க்கு, 3-ம் கால் ரிக் கிரவுண்டுக்கு. 5 வோல்ட் கால் பக்கத்திலேயே இருக்கிறதே என்று அதில் போடாதீர்கள். 5-க்கும் 3.3-க்கும் இடையே 1.7 வோல்ட் மிஞ்சும், உள்ளே இருக்கும் எல்.இ.டி.க்கு 1.2 வோல்ட்டே போதும். ரிக் சும்மா இருக்கும்போதே பாதி அழுத்திய மாதிரி நிற்கும். சின்னப் போர்டுகள் பலவற்றில், இதே வேலைக்கு ஆகும் ஆர்.டி.எஸ். காலே வெளியே வராது, அதனால் மென்பொருளிலும் டி.டி.ஆர். என்றே தேர்ந்தெடுங்கள்.

அனுப்பும் அளவு

டாங்கிளின் ஸ்பீக்கர் ஜாக் முழு வால்யூமில் கிட்டத்தட்ட 1 வோல்ட் தரும். 817-ன் டேட்டா உள்ளீடு தாங்குவது 40 மில்லிவோல்ட், அதுவும் உச்சிக்கு உச்சி. நடுவே நூறு மடங்கு குறைக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பிறகு, ரிக் பக்கம், 10 கிலோ ஓம் தொடராக, 100 ஓம் கிரவுண்டுக்கு. 100 மில்லிவோல்ட் வாக்கில் கேட்கும் ரிக்குகளுக்கு அந்த 100 ஓமுக்குப் பதில் 1 கிலோ ஓம் போடுங்கள். பின்னில் இடது சேனலை மட்டும் எடுங்கள், வலதை அந்தரத்தில் விடுங்கள். மோனோ பின் செருகினால் வலது சேனல் கிரவுண்டோடு ஷார்ட் ஆகும்.

ரெசிஸ்டர் இல்லாமல் விண்டோஸ் வால்யூமை 2-ல் வைத்தால் ஆகாதா என்றால், ஆகும், ஆனால் நன்றாக இருக்காது. சவுண்ட் கார்டின் இரைச்சல் அப்படியே இருக்க, சிக்னல் மட்டும் அதன் பக்கத்தில் ஒடுங்கிவிடும். கை தவறி ஸ்லைடர் ஏறினாலும் ஆபத்து.

முதலில் ஆண்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு மாட்டுங்கள். விண்டோஸ் வால்யூம் பாதி, டபிள்யூ.எஸ்.ஜே.டி.-எக்ஸின் பவர் ஸ்லைடர் அடியில். ட்யூன் அழுத்தி, ரிக்கின் மீட்டரை ஏ.எல்.சி.யில் (ஒலி மிஞ்சும்போது ரிக் அதை அடக்கும் அளவு) வைத்து, ஸ்லைடரை மெதுவாக ஏற்றுங்கள். ஏ.எல்.சி. முள் அசையத் தொடங்கியதும் கொஞ்சம் பின்வாங்குங்கள். அதுதான் இடம். மைக்ரோபிட்எக்ஸில் ஏ.எல்.சி. கிடையாது. அங்கே வாட் மீட்டரைப் பாருங்கள், ஸ்லைடரை ஏற்றியும் வாட் ஏறாத இடத்துக்குச் சற்று முன்னால் நில்லுங்கள்.

இந்த அளவு மிஞ்சினால் அனுப்புபவருக்கு ஒன்றும் தெரியாது, வாட் மட்டும் கம்பீரமாக இருக்கும். மற்றவர்களின் வாட்டர்ஃபாலிலோ 600 ஹெர்ட்ஸில் நீங்கள், 1200-ல் உங்கள் பேய், 1800-ல் இன்னொரு பேய். கேட் கேபிள் (மென்பொருளே ரிக்கின் அலைவரிசையை மாற்ற உதவுவது) இருந்தால் ஸ்ப்ளிட்டை ஃபேக் இட் என்று வையுங்கள். ஒலி எப்போதும் 1500-க்கும் 2000-க்கும் இடையில் இருக்கும், அதன் மடங்குகள் ரிக்கின் ஃபில்டருக்கு வெளியே விழுந்துவிடும்.

100 வாட் ரிக்கை 25, 30 வாட்டில் ஓட்டுங்கள். 15 வினாடியில் 12.64 வினாடி முழு வாட்டும் போகிறது, பேச்சு அப்படி இல்லை. நம் ஊர் மே மாத வெக்கையில் ஃபைனல்கள் (ரிக்கின் கடைசிக் கட்ட டிரான்சிஸ்டர்கள்) அதைத் தாங்கும் என்று சோதித்துப் பார்க்க வேண்டாம்.

டம்மி லோடை எடுத்து ஆண்டெனா மாட்டியதும் மவுஸ் உறைந்தாலோ டாங்கிள் துண்டித்துத் துண்டித்து இணைந்தாலோ, ஆர்.எஃப். (ரேடியோ அலை) யு.எஸ்.பி. கேபிளில் ஏறுகிறது. எண்ட்-ஃபெட் ஆண்டெனாக்காரர்களுக்கு இது சகஜம். ஃபெரைட் கிளிப்பில் கேபிளை ஒரு தடவை நுழைப்பதால் ஒன்றும் ஆகாது, மூன்று நான்கு சுற்று சுற்றுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கோஆக்ஸில், ஆண்டெனா முனையில், சோக் போடுங்கள்.

அதன் பிறகு சி.க்யூ. (யாராவது பதில் தாருங்கள் என்ற அழைப்பு) சொல்பவரை இருமுறை கிளிக் செய்வதுதான். மிச்சத்தை மென்பொருளே ஓட்டும்.

பின்சேர்க்கை

நன்றாக ஓடியது திடீரென்று நின்றுவிட்டது என்று கேட்பவர்களுக்கு: விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு மைக் அனுமதி, டீஃபால்ட் ஸ்பீக்கர் இரண்டையும் பாருங்கள். டாங்கிளை வேறு யு.எஸ்.பி. துளையில் செருகினாலும் விண்டோஸ் அதைப் புதிய சாதனமாக எடுத்துக்கொண்டு அளவுகளைப் பழையபடி ஏற்றிவிடும். ஒரு துளையை முடிவு செய்து அதிலேயே வையுங்கள்.

தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் போலக் கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு 3.5 மி.மீ. பின்களில் உப்புக்காற்றின் பச்சை படியும். ரிசீவ் விட்டுவிட்டு வந்தால் மென்பொருளை நோண்டும் முன் பின்னைத் துடைத்துப் பாருங்கள். முடிந்தால் ஜாக்கையே ஒதுக்கிவிட்டு, டாங்கிளைத் திறந்து ஒயரை நேராகப் பற்றவைத்துவிடலாம்.

லினக்ஸில் அல்சாமிக்சரில் டாங்கிளின் ஆட்டோ கெயினை அணையுங்கள். அங்கே சீரியல் போர்ட் திறக்கும் கணத்தில் டி.டி.ஆர். ஒருமுறை இறங்கும், ரிக் ஒரு நொடி அனுப்பும். ஆகவே மென்பொருளை முதலில் திறந்துவிட்டு ரிக்கைப் பிறகு ஆன் செய்யுங்கள்.