நுரையீரல் தழும்புக்கு மைக்கோபினோலேட் தொடங்குகிறீர்களா?

முடக்குவாதமோ ஸ்க்லிரோடெர்மாவோ (தோல் இறுகும் நோய்) நுரையீரலையும் பிடித்துவிட்டது என்று, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தான மைக்கோபினோலேட் எழுதிக் கொடுத்தார்களா? சரி, முதல் மாத்திரைக்கு முன்பே காசநோய், ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகளை முடித்துவிடுங்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கினால் உள்ளே தூங்கும் கிருமி எழுந்துகொள்ளும், நம் ஊரில் காசநோயை லேசாக எடுக்கவே முடியாது. கருத்தரிக்கக்கூடிய வயதுப் பெண்கள் டாக்டரிடம் கட்டாயம் பேசுங்கள், இது கருவைப் பாதிக்கும் மருந்து.

பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். மூன்றே வாரத்தில் இருமல் நிற்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். விழுந்த தழும்பு அழியாது, மேலும் கெடாமல் பிடித்து நிறுத்துவதுதான் பெரும்பாலும் நோக்கம்.

ரத்த அணுக்கள், கல்லீரல் பரிசோதனை ஆரம்பத்தில் அடிக்கடி இருக்கும். நுரையீரல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, குழாயில் ஊதும் சோதனை 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை. கடலூரிலிருந்து ஜிப்மருக்கு பஸ் ஏறுகிறவர்கள் பழைய சிடி ஸ்கேன் படத்தையும் தூக்கிக்கொண்டு போங்கள் (கனம்தான், ஆனால் பழையதோடு ஒப்பிடாமல் புதியதை வைத்து என்ன சொல்ல முடியும்?).

அப்புறம், இதோடு ஸ்டீராய்டும் கொடுத்திருந்தால் ஒரு விஷயம். அதை நீங்களாகத் திடீரென நிறுத்தவே கூடாது. ஸ்க்லிரோடெர்மாக்காரர்களுக்கு அதிக அளவு ஸ்டீராய்டு சிறுநீரகத்தைக் கவிழ்த்துவிடலாம், வீட்டிலேயே பிரஷர் பாருங்கள். காய்ச்சலோ புதிதாக மூச்சிரைப்போ வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், கஷாயம் பிறகு.