மான் வேட்டைக்கு எந்தத் தோட்டா? அமெரிக்காவில் இருக்கும் நம்ம சேலத்துப் பிள்ளைகளுக்கு

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சேர்வராயன் மலையில் மான் சுடுவதற்காக இதை எழுதவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே புள்ளிமானைச் சுட்டாலும் கடமானைச் சுட்டாலும் குற்றம், எஸ்டேட்டில் லைசன்ஸ் துப்பாக்கி வைத்திருந்தாலும் அப்படித்தான். நான் நியூ ஜெர்சியில் பத்தொன்பது வருஷம் இருந்து, அங்கே முறையாக லைசன்ஸ் எடுத்து வேட்டைக்குப் போனவன். இப்போது ஏற்காட்டுக்கே திரும்பிவிட்டேன். ஆடி மாதம் ஊருக்கு வந்த அக்கா மகன் போனை நீட்டி, "மாமா, நூறு வகைத் தோட்டா காட்டுது, டிசம்பர் சீசனுக்கு எதை வாங்குறது?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் தோட்டாவைத் தப்பாக எடுத்தால் கஷ்டப்படுவது மான்.

நான் சொல்வதெல்லாம் ஷாட்கன் துப்பாக்கிக்கு. கடைக்குப் போவதற்கு முன்னால் அதன் குழலைப் படியுங்கள். எத்தனை போர் (குழலின் பருமன்), சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) எவ்வளவு நீளம் என்று அதிலேயே பொறித்திருக்கும். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையாக வார்த்தால் அதில் ஒன்று எவ்வளவு பருமனோ அதுதான் 12 போர், சுமார் 18.5 மில்லிமீட்டர். 20 போர் அதைவிடச் சிறியது. நீளத்தில் 2¾, 3, 3½ அங்குலம் என்று மூன்று வரும். 3 அங்குல சேம்பரில் 2¾ தோட்டா போடலாம், 2¾ சேம்பரில் 3 அங்குலத் தோட்டா போடவே கூடாது. உள்ளே போய் உட்கார்ந்துவிடும், அதனால் சரியாக இருக்கிறது என்று தோன்றும், ஆனால் சுடும்போது தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். எங்கள் தாத்தாவின் பழைய இரட்டைக்குழல் இன்னும் சின்னது, 2½ அங்குலம்தான். அப்புறம் 20 போர் தோட்டாவையும் 12 போர் தோட்டாவையும் ஒரே பையில் போடாதீர்கள். சின்னது பெரிய குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் சிக்கிக்கொள்ளும், அது தெரியாமல் பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கை போகும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான்.

அடுத்து, துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு (இரண்டு தடவை பாருங்கள்) குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கிறதா, இல்லை சுருள் சுருளாக வரி வெட்டியிருக்கிறதா? மானுக்கு வாங்கும் ஸ்லக், அதாவது ஒற்றைக் குண்டு, இதைப் பொறுத்துத்தான் அமையும். வழவழப்பான குழலுக்கு ஃபாஸ்டர் வகை அல்லது பிரெனெக்கே வகை ஈயக் குண்டு, சோக் (குழல் வாயில் இருக்கும் குறுக்கம்) அகலமானதாக இருக்கட்டும். வரி வெட்டிய குழலுக்கு சபோ என்று பிளாஸ்டிக் உறைக்குள் வரும் குண்டு. விலை அதிகம் என்பதால் சபோதான் ஒசத்தி என்று நினைத்து வழவழப்பான குழலில் போட்டால் குண்டு சுழலாமல் உருண்டு எங்கேயோ போகும், காசும் வீண். 12 போர் ஃபாஸ்டர் குண்டு சாதாரணமாக ஒரு அவுன்ஸ், 28 கிராம். நம்ம கணக்கில் மூன்றரைப் பவுன் எடை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் அது என்ன செய்யும் என்று புரிந்துவிடும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு 2¾ அங்குலமே தாராளம். 3 அங்குலம் தோளில் இடிக்கிற இடியில் அடுத்த தடவை சுடும்போது கண் தானாக மூடிக்கொள்ளும், குறி போய்விடும்.

இனி, உள்ளே பல சின்ன உருண்டைகள் இருக்கும் ரவைத் தோட்டா, அவர்கள் பக்‌ஷாட் என்பது. ஏற்காட்டுப் பழைய எஸ்டேட்காரர்களுக்கு எல்.ஜி., எஸ்.ஜி. என்ற ரவை அளவுகள் தெரியும். அமெரிக்காவின் ட்ரிபிள் ஆட் (000) ஏறக்குறைய நம்ம எல்.ஜி., டபுள் ஆட் (00) ஏறக்குறைய எஸ்.ஜி. 2¾ அங்குல டபுள் ஆட்டில் பெரும்பாலும் ஒன்பது ரவை, ஒவ்வொன்றும் 8.4 மில்லிமீட்டர். நியூ ஜெர்சியில் மானுக்கு ரவையும் குண்டும் இரண்டும் அனுமதி, இல்லினாய்ஸில் ஷாட்கன் என்றால் குண்டு மட்டும்தான். மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அந்தந்த வருஷத்து விதிப்புத்தகத்தைப் பார்க்காமல் ஒரு பெட்டிகூட வாங்காதீர்கள்.

அனுமதி இருந்தாலும் ரவை வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். என் இரண்டாவது சீசனில் ஒரு பெட்டை மான் ஐம்பது கஜம் தள்ளி நின்றது. கையில் டபுள் ஆட். ஒன்பது ரவையில் ஒன்றாவது படும் என்று சுட்டேன். ஒன்றுதான் பட்டது, வயிற்றில். இலைச்சருகில் அங்கொரு சொட்டு இங்கொரு சொட்டு ரத்தம், அதைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் டார்ச் வெளிச்சத்தில் ராத்திரி பத்து மணிவரை தேடினோம். மறுநாள் காலையில் ஓடைக்கரையில் கிடைத்தது. ராத்திரி முழுக்க உயிரோடு கிடந்திருக்கிறது. அன்றோடு ரவையை விட்டுவிட்டேன். அடர்ந்த புதரில் 25 கஜத்துக்குள் என்றால் மட்டும் ரவை சரி.

வாங்கியதும் காட்டுக்குக் கிளம்பாதீர்கள். இரண்டு மூன்று கம்பெனியில் ஐந்து குண்டுப் பெட்டி ஒவ்வொன்று வாங்கி, சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போங்கள். ஒரே போர், ஒரே நீளம், ஒரே எடை என்றாலும் ஒரு குழலுக்குப் பிடித்த குண்டு இன்னொன்றுக்குப் பிடிக்காது, சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். கல்யாண வீட்டில் கேக் வைத்துக் கொடுக்கும் பேப்பர் தட்டு இருக்கிறதே, மானின் நெஞ்சுக்கூட்டில் உயிர் நிலைக்கிற இடம் கிட்டத்தட்ட அந்த அளவுதான், இருபது சென்டிமீட்டர். 50 கஜத்தில் அப்படி ஒரு தட்டை ஒட்டிவைத்து அதைக் குறிபார்த்து மூன்று தடவை சுடுங்கள். மூன்றும் தட்டுக்குள் விழுந்தால் அது உங்கள் குண்டு. பிறகு 75 கஜம். எந்த தூரத்தில் ஒன்று வெளியே போகிறதோ அதற்கு முன்னால் உங்கள் எல்லை முடிகிறது. வழவழப்பான குழலில் பெரும்பாலானவர்களுக்கு 75-க்குள் முடிந்துவிடும், சபோவும் வரிக்குழலும் இருந்தால் 100-ஐத் தாண்டலாம். தப்பிய குண்டு பல நூறு கஜம் போகும், மானுக்குப் பின்னால் மண்மேடு இல்லையென்றால் சுடாதீர்கள்.

எங்கே அடிப்பது என்று காட்டுவதற்கு அக்கா மகனை குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு புள்ளிமான் பக்கவாட்டில் திரும்பி நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி மேலே போ, உடம்பின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் நில், அங்கேதான் இதயமும் நுரையீரலும் என்றேன். அது ஒரு அடி நகர்ந்து நம்மைப் பார்த்தபடி நின்றது. "இப்போது?" என்றான். இப்போது காத்திரு, பக்கம் திரும்பும்வரை சுடாதே என்றேன்.

ஈயக் குண்டு பட்ட இடத்தைச் சுற்றித் தாராளமாகக் கறியை வெட்டி எறியுங்கள், கண்ணுக்குத் தெரியாத துகள் இருக்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகளோ கர்ப்பிணியோ இருந்தால் செம்புக் குண்டாகவே வாங்கிவிடுங்கள்.

ஹெச்1பி மாதிரி விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். அமெரிக்க மத்திய சட்டப்படி நீங்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருக்கக் கூடாது, செல்லுபடியாகும் வேட்டை லைசன்ஸ் விதிவிலக்குகளில் ஒன்று. அதனால் முதலில் வேட்டைப் பயிற்சி வகுப்பு, பிறகு லைசன்ஸ், அதற்குப் பிறகுதான் கடை. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது வேட்டைக்குப் போட்ட ஜாக்கெட்டின் எல்லாப் பையையும் உதறிவிட்டு மடியுங்கள். மறந்து கிடக்கும் ஒரே ஒரு தோட்டா சென்னை விமான நிலைய ஸ்கேனில் தெரிந்தாலும் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரும்.