அம்மாவைத் தூது அனுப்புவதை நிறுத்தினேன்

அப்பா தொடங்கிய தொழிலில் நான் நிர்வாகி, பெயருக்குத்தான். பாக்கி வைத்தவர்களுக்குச் சரக்கு கிடையாது என்று நான் சொன்னால், மறுநாளே அவர் அனுப்பிவைப்பார். ஊழியர்கள் கெட்டிக்காரர்கள், எந்தப் பதில் வேண்டுமோ அந்த அறைக்குப் போவார்கள். நான் அவரிடம் நேரில் கேட்டதில்லை. அம்மாவிடம் புலம்புவேன், அவரும் அம்மாவிடமே பதில் சொல்வார். ஒரு நாள் அம்மா, "நடுவில் நான் என்ன தபால்காரியா?" என்று எழுந்துபோய்விட்டார்.

இருவருக்கிடையிலான இறுக்கம் மூன்றாமவரை உள்ளே இழுப்பதை மனநல மருத்துவர் மர்ரே போவென் 'முக்கோணம்' என்றார். இழுத்தவர்களில் நானும் ஒருவன் என்று ஒப்புக்கொள்ளவே சில வாரங்கள் ஆயின.

பிறகு, குடும்பத் தொழிலில் யார் எங்கே நிற்கிறார் என்று காட்ட 1978இல் ஹார்வர்டில் டாகியூரி, டேவிஸ் என்ற ஆய்வாளர்கள் உருவாக்கிய மூன்று வட்டங்களை (குடும்பம், உடைமை, தொழில்) தாளில் வரைந்து அப்பாவிடம் நீட்டினேன். அவர் மூன்றிலும் இருந்தார், நான் இரண்டில். "உடைமையில் உன்னை ஏன் போடவில்லை?" என்றார். "பங்கு ஏது, அப்பா?" என்றேன். வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது வாரம் ஒரு மணி நேரம் அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறோம். குறிப்பிட்ட தொகை வரை கடனுக்குச் சரக்கு தருவது என் முடிவு. அதற்கு மேல் இருவர் கையெழுத்து. இரண்டு முறை மீறினார். ஊழியர்கள் முன் மறுக்காமல் அந்த ஒரு மணி நேரத்துக்காகக் காத்திருந்தேன், அதுதான் கடினம். பங்குப் பேச்சு இன்னும் முடியவில்லை.